உப்புக்காற்று ஊரில் பழைய கார்: வாங்குமுன் எங்கே, எப்படிப் பார்க்க வேண்டும்

வடசென்னையில் பழைய கார் பார்க்கப் போகிறவர்கள் மூன்று கேள்வி கேட்பார்கள். எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கு, எத்தனாவது ஓனர், மைலேஜ் எவ்வளவு தரும். மூன்றும் கேட்க வேண்டியதுதான். ஆனால் காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் பத்து வருஷம் தெருவில் நின்ற வண்டியை அரிப்பது கிலோமீட்டர் அல்ல. கடல்காற்று, வெள்ளத் தண்ணீர், தினமும் வண்டி கழுவுகிற உப்பு போர் தண்ணீர், இந்த மூன்றும்தான். இன்ஜினைப் பிரித்து, தேய்ந்த சிலிண்டரைக் குடைந்து சரிசெய்யலாம், கியர்பாக்ஸை இறக்கி ஏற்றலாம். பாடி உள்ளுக்குள்ளே துருப்பிடித்துப் போனால் எந்த மெக்கானிக்காலும் அதை மீட்க முடியாது. அதனால் பார்க்கும் வரிசையையே மாற்றிக்கொள்ளுங்கள். முதலில் காகிதம், அடுத்து பாடி, கடைசியில்தான் இன்ஜின்.

கையில் இருக்க வேண்டியவை: நல்ல டார்ச், மெல்லிய துணியில் சுற்றிய சின்ன காந்தம், வெள்ளைப் பேப்பர், பென்சில், ஒரு வெள்ளைத் துணி, தரையில் படுத்துப் பார்க்க ஒரு சாக்கு. முடிந்தால், வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறுகளைப் போனில் காட்டுகிற ஓபிடி ஸ்கேனர் ஒன்று. காலை ஏழு, எட்டு மணி வெளிச்சம் நல்லது. சற்றுமுன் கழுவி ஈரமாக நிற்கிற வண்டியைப் பார்க்காதீர்கள். தண்ணீர்த் துளி ஒடுக்கையும் பெயின்ட் வித்தியாசத்தையும் மறைத்துவிடும். "வண்டியை ஸ்டார்ட் பண்ணாம வைங்க, நான் வந்து பண்ணிக்கிறேன்" என்று முந்தின நாளே சொல்லிவிடுங்கள். போனதும் பானட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் காலையில் ஸ்டார்ட் ஆகத் திணறியதை மறைத்திருக்கலாம்.

காகிதமும் சேசிஸ் நம்பரும்

வண்டி நம்பரை எம்பரிவாஹன் ஆப்பில் போட்டால் பதிவு தேதி, எரிபொருள், எத்தனாவது ஓனர், இன்சூரன்ஸ் எப்போது முடிகிறது, பேங்க் கடன் நிற்கிறதா என்று தெரிந்துவிடும். இ-சலான் பாக்கியையும் அதே வேகத்தில் பார்த்துவிடுங்கள். ஆர்சியில் ஹெச்பி (வண்டிமேல் கடன் இருக்கிறது என்ற குறிப்பு) என்று ஒரு பேங்க் அல்லது ஃபைனான்ஸ் பெயர் இருந்தால், கடனை அடைத்துவிட்டேன் என்று வாயால் சொன்னால் போதாது. பேங்க் கொடுத்த என்ஓசியும் (ஆட்சேபணை இல்லை என்ற சான்று), கடன் குறிப்பை ஆர்சியிலிருந்து நீக்க, கையெழுத்தும் முத்திரையும் வைத்த ஃபாரம் 35-ம் கையில் வந்தாக வேண்டும்.

பிறகு சேசிஸ் நம்பர். சில மாடலில் இன்ஜின் ரூமின் பின்சுவரில், வைப்பருக்குக் கீழே இருக்கும். சிலவற்றில் முன் பயணி சீட்டுக்கு அடியில் கார்ப்பெட்டைத் தூக்கினால் தெரியும். பதினேழு எழுத்து, எண். அதன்மேல் பேப்பரை வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்து பிரிண்ட் எடுங்கள். ஒவ்வொரு எழுத்தும் ஒரே ஆழத்தில், ஒரே வரிசையில் விழ வேண்டும். ஒன்று மேலேறி ஒன்று கீழிறங்கி இருந்தாலோ, நம்பர் இருக்கும் தகடைச் சுற்றி வெல்டிங் தடம் தெரிந்தாலோ, விலை எவ்வளவு குறைந்தாலும் அந்த வண்டி வேண்டாம். திருட்டு வண்டிக்கு இன்னொரு வண்டியின் நம்பரை ஏற்றுவது இப்படித்தான்.

டிஎன் 03, 04, 05, 18 என்று நம் பக்கத்து நம்பராகவே இருந்தால் பெயர் மாற்றம் சுலபம். பிஒய் (புதுச்சேரி) நம்பரும் டிஎல் (டெல்லி) நம்பரும் விலை குறைவாக வரும், காரணம் இருக்கிறது. வேறு மாநில வண்டியைப் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் மறுபதிவு செய்து, தமிழ்நாட்டு ஆயுள் வரியும் கட்ட வேண்டும். டெல்லியில் பழைய டீசல் காருக்குக் கெடுபிடி இருப்பதால்தான் அவை மலிவாக வெளியே போகின்றன. பதிவு செய்த ஊர் ஆர்டிஓ தந்த என்ஓசி இல்லாமல் அப்படிப்பட்ட வண்டிக்கு அட்வான்ஸ்கூடக் கொடுக்காதீர்கள்.

மஞ்சள் போர்டிலிருந்து வெள்ளை போர்டுக்கு மாறிய வண்டிகளும் சந்தையில் நிறைய. டாக்சியாக ஓடியது குற்றமில்லை, அதை மறைத்து வீட்டு வண்டி விலை கேட்பதுதான் பிரச்சினை. பழைய இன்சூரன்ஸ் பாலிசியில் வண்டி எந்த வகை என்று எழுதியிருக்கும். ஆக்சிலரேட்டர் பக்கம் ஸ்பீடு கவர்னர் கழற்றிய வயர் முண்டு தொங்குகிறதா, பின்சீட் முன்சீட்டைவிட அதிகமாகத் தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். வீட்டு வண்டியில் டிரைவர் சீட்தான் முதலில் தேயும்.

துரு: சாக்கை விரித்துப் படுங்கள்

வடசென்னை வண்டிக்கு இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். திருவொற்றியூரிலிருந்து மீஞ்சூர் வரை கடல்நீர் நிலத்தடியில் ஏறிய ஊர்கள் உண்டு. அந்த போர் தண்ணீரில் தினமும் பளபளவென்று கழுவிய வண்டி, கடலுக்கு ஒரு கிலோமீட்டர் தள்ளி நின்றாலும் அரித்துப்போகும். ரொம்பச் சுத்தமாக வைத்திருந்த வண்டி என்பதே இங்கே நல்ல செய்தி இல்லை. எந்தத் தண்ணீரில் கழுவினீர்கள் என்று கேளுங்கள்.

கதவிலிருந்து ஆரம்பியுங்கள். கதவைத் திறந்து கீழ் விளிம்பின் அடியில் போனை நீட்டிப் படம் எடுத்துப் பாருங்கள், குனிந்தால் கண்ணுக்குத் தெரியாத இடம் அது. வெளித்தகடு உள்பக்கமாக மடிந்து ஒட்டியிருக்கும் அந்த மடிப்பில் பச்சைப்பயறு அளவு கொப்புளங்கள் வரிசையாக இருக்கும். கட்டைவிரலால் ஒன்றை அழுத்துங்கள். நல்ல பெயின்ட் அசையாது. துருவின்மேல் நிற்கும் பெயின்ட் அப்பளம் மாதிரி நொறுங்கி, உள்ளிருந்து செம்மண் நிறத்தில் தூள் கொட்டும். காரணம் பெரும்பாலும் அதே விளிம்பில் இருக்கும் சின்னத் துளைகள். கண்ணாடி வழியாக உள்ளே இறங்கும் மழைத்தண்ணீர் வெளியேற வைத்தவை அவை. தூசியும், எண்ணூர் பக்கத்து நிலக்கரித் துகளும் அவற்றை அடைத்துவிட்டால் தண்ணீர் கதவுக்குள்ளேயே தேங்கி உள்ளிருந்து வெளியே அரிக்கும். நாலு கதவையும் டிக்கி கதவையும் இப்படியே பார்க்க வேண்டும்.

அடுத்து, கதவுகளுக்குக் கீழே முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை ஓடும் பெட்டி மாதிரியான பாகம். வண்டியின் முதுகெலும்பு என்றே சொல்லலாம். ஜாக்கி வைக்கும் இடத்தைத் தட்டிப் பாருங்கள். கெட்டித் தகடு "டங்" என்னும், உள்ளே உளுத்தது "டொக்" என்னும். பிறகு மட்கார்டின் உள்மடிப்பு, முன்பக்கம் ஷாக்கப் மேலே வந்து உட்காரும் கிண்ணம், பேட்டரி தட்டு, பின் ஆக்சில், பிரேக் பைப், பெட்ரோல் ஊற்றும் குழாய் டேங்கோடு சேரும் இடம். சைலன்சர் துருவைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், மாற்றிவிடலாம். பிரேக் டிஸ்க்கில் ஒருநாள் நின்றாலே மேல்துரு வரும், நாலு தடவை பிரேக் பிடித்தால் போய்விடும். ஷாக்கப் கிண்ணத்திலோ ஆக்சில் பிடிக்கும் இடத்திலோ தகடு இலை இலையாக உரிந்தால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள்.

பழைய வண்டியின் அடிப்பாகம் மட்டும் புத்தம்புது கறுப்பாக மின்னினால் சந்தேகம் வர வேண்டும். விற்பதற்கு முந்தின வாரம் அண்டர்கோட்டிங் அடிப்பது துருவை மூடுவதற்கான மலிவான வழி. ரப்பர் புஷ், வயர், நட்டு எல்லாவற்றின் மேலும் கறுப்பு படிந்திருந்தால் அவசரத்தில் அடித்தது என்று அர்த்தம்.

காந்தத்தை மட்கார்டு, கதவு, பில்லர் என்று மெதுவாக நகர்த்துங்கள். பிடிப்பு திடீரென்று தளரும் இடத்தில் பெயின்டுக்கு அடியில் பட்டி இருக்கிறது. பெயின்ட் கனம் பார்க்கும் மீட்டர் கிடைத்தால் இன்னும் தெளிவு: கம்பெனி பெயின்ட் பொதுவாக 80 முதல் 150 மைக்ரான், மறுபெயின்ட் 200-க்கு மேல், பட்டி போட்டது 500-ஐத் தாண்டும். பம்பர் பிளாஸ்டிக், அங்கே காந்தம் வேலைக்காகாது.

ஒரு மூலையில் உரசிப் பட்டி போட்டது நம் தெருக்களில் சகஜம், அதற்காக வண்டியை ஒதுக்க வேண்டாம். ஏப்ரான், அதாவது இன்ஜின் ரூமின் இரண்டு பக்கமும் இருக்கும் உள்தகடு, மட்டும் வேறு கதை. பானட்டைத் திறந்து இரண்டு பக்கமும் ஒப்பிடுங்கள். கம்பெனி வெல்டிங் என்றால் வட்டக் குழிகள் சம இடைவெளியில் இருக்கும், சீலன்ட் ஒரே சீராக ஓடும். ஒரு பக்கம் குழியும் மறுபக்கம் மேடுபள்ளமான கேஸ் வெல்டிங்கும் இருந்தால் பெரிய அடி வாங்கிய வண்டி. பானட், மட்கார்டு போல்ட்டுகளின் தலையில் பெயின்ட் உரிந்து ஸ்பேனர் தடம் இருந்தால் கழற்றி மாட்டியிருக்கிறார்கள். கண்ணாடிகளின் மூலை முத்திரையையும் ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் வேறு கம்பெனியோ வேறு வருஷமோ என்றால் ஏன் மாற்றினீர்கள் என்று கேளுங்கள்.

வெள்ளத்தில் நின்ற வண்டி

2015 டிசம்பர் வெள்ளம், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். வியாசர்பாடி, புளியந்தோப்பு, கொளத்தூர், மணலி என்று எத்தனையோ தெருக்களில் கார்கள் சீட் வரை மூழ்கின. மிக்ஜாம் சமயத்தில் எண்ணூர் முகத்துவாரப் பக்கம் வந்த தண்ணீரில் எண்ணெய்க் கழிவும் கலந்திருந்தது. அப்படி நின்ற வண்டியின் மறைவான மூலைகளில் கறுப்புப் பிசுக்கு இன்னும் ஒட்டியிருக்கலாம். வெள்ளைத் துணி கொண்டுவரச் சொன்னது இதற்குத்தான்: அடித்தட்டு, டிக்கி ஓரம், சீட் ரெயில் இடுக்கில் துடைத்துப் பாருங்கள்.

சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். சாதாரணமாக யாரும் முழுதாக இழுப்பதில்லை, அதனால் கழுவுகிறவர்களும் மறந்துவிடுவார்கள். சுருளின் கடைசி ஒரு முழத்தில் சேற்று நிறக் கறையோ குறுக்கே தண்ணீர் நின்ற கோடோ இருந்தால் உள்ளே எந்த உயரம் வரை தண்ணீர் ஏறியது என்றே தெரிந்துவிடும். பெல்ட்டின் அடியில் தைத்த லேபிளில் தயாரிப்பு தேதி இருக்கும். 2014 வண்டியில் 2016 பெல்ட் இருந்தால் அதை மாற்ற வேண்டி வந்த காரணத்தைக் கேளுங்கள்.

பிறகு சீட்டுக்கு அடியில் போல்ட்டும் ஸ்பிரிங்கும், டேஷ்போர்டுக்குக் கீழே ஸ்க்ரூ தலைகள். வீட்டுக்குள் இருக்கிற இரும்பு மாதிரி இவை. நனையக் காரணமே இல்லாத இடத்தில் துரு இருந்தால் தண்ணீர் உள்ளே வந்திருக்கிறது. ஃபியூஸ் பெட்டியைத் திறந்து ஒரு ஃபியூஸைப் பிடுங்குங்கள், பின்னில் பச்சை பூத்திருக்கிறதா பாருங்கள். ஸ்டெப்னி குழி, ஹெட்லைட் உள்ளே மங்கிய கோடு, ஈரக் கார்ப்பெட் வாடை. அந்துருண்டையும் சென்ட்டும் மூக்கைத் துளைத்தால் எதையோ மூடுகிறார்கள். வெள்ள வண்டியின் வயரிங் ஒரே நாளில் கெடுவதில்லை. ஆறு மாதம் கழித்து ஏர்பேக் லைட், பிறகு பவர் விண்டோ, பிறகு நடுரோட்டில் ஸ்டார்ட் ஆகாமல் நிற்பது என்று ஒவ்வொன்றாக வரும். அதைச் சரிசெய்ய முடியும் என்று யாராவது உறுதி கொடுத்தால் நம்பாதீர்கள்.

இன்னொரு சாட்சி இன்சூரன்ஸ் பாலிசி. க்ளெய்ம் இல்லாத வருஷங்களுக்கு என்சிபி தள்ளுபடி 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று ஏறும். ஒரே ஓனர் பல வருஷம் வைத்திருந்த வண்டியின் 2024 பாலிசியில் என்சிபி திடீரென்று பூஜ்யமானால், முந்தின வருஷம் க்ளெய்ம் வாங்கியிருக்கிறார்கள். ஓனர் மாறினாலும், பாலிசி நீண்ட நாள் விட்டுப்போனாலும் பூஜ்யம் ஆகும், அதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

மீட்டர்

கிலோமீட்டரைக் குறைத்துக் காட்ட மீட்டரைப் பின்னால் சுற்றுவது சில நிமிட வேலை. அதனால் அந்த எண்ணை மட்டும் நம்பாமல் கிளட்ச், பிரேக் பெடல் ரப்பர், ஸ்டியரிங்கில் கை படும் இடம், கியர் குமிழ், டிரைவர் சீட்டின் வெளிஓரம் இவற்றைப் பாருங்கள். 40,000 கிலோமீட்டர் ஓடிய வண்டியில் பெடல் ரப்பர் வழுவழுப்பாகாது. டயரின் பக்கச்சுவரில் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம். 2019 வண்டி, மீட்டரில் 25,000, டயரோ நாலும் 2022 என்றால் கணக்கு இடிக்கிறது. அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் ஓனரை வைத்துக்கொண்டு பழைய சர்வீஸ் பதிவைக் கேட்டால் எந்தத் தேதியில் எத்தனை கிலோமீட்டர் என்று வந்துவிடும்.

இன்ஜின்

குளிர்ந்த நிலையில் ரேடியேட்டர் மூடியையோ கூலன்ட் டேங்க்கையோ திறங்கள். பச்சையோ சிவப்போ, தெளிந்த நிறம் இருக்க வேண்டும். டீ நிறத்தில் இருந்தால் போர் தண்ணீர் ஊற்றி ஓட்டியிருக்கிறார்கள். உப்புத் தண்ணீர் ரேடியேட்டரையும் வாட்டர் பம்பையும் அரித்து, பிறகு சூடேறி ஹெட் கேஸ்கட் வரை கொண்டுபோகும். ஆயில் மூடியின் உட்புறம் வெண்ணெய் மாதிரி பூத்திருந்தால், சென்னை வெயிலில் அதைக் குளிர் ஈரம் என்று விட்டுவிட முடியாது. ஆயிலில் கூலன்ட் கலக்கிறதென்று எடுத்துக்கொண்டு சோதிக்க வேண்டும்.

ஸ்டார்ட் செய்யும்போது ஒருவர் பின்னால் நிற்கட்டும். ஸ்டார்ட் ஆனதும் ஒரு கொத்து நீலப் புகை வந்து நின்றால் வால்வு சீல். ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போதெல்லாம் நீலம் வந்தால் பிஸ்டன் ரிங். விடாத வெள்ளைப் புகையும் கூலன்ட் குறைவும் சேர்ந்தால் ஹெட் கேஸ்கட். டீசலில் ஐடிலில் ஆயில் மூடியைத் திறந்து கையால் லேசாக மூடுங்கள். குப் குப்பென்று கையைத் தள்ளிப் புகை வந்தால் பேக் கம்ப்ரஷன் அடிக்கிறது, இன்ஜின் வேலை பக்கத்தில் நிற்கிறது. வெள்ளத்தில் இன்ஜின் தண்ணீர் குடித்த சந்தேகம் இருந்தால் சிலிண்டருக்குள் அழுத்தம் அளக்கும் கம்ப்ரஷன் டெஸ்ட் அவசியம். பெட்ரோல் இன்ஜினில் 150 முதல் 180 பிஎஸ்ஐ சாதாரணம். அளவைவிட சிலிண்டர்களுக்கு இடையிலான வித்தியாசம் முக்கியம். ஒன்று மட்டும் பதினைந்து சதவீதத்துக்கு மேல் இறங்கியிருந்தால் வால்வோ ரிங்கோ வளைந்த கனெக்டிங் ராடோ ஒன்று காத்திருக்கிறது.

பிஎஸ்6 டீசலில் டிப்ஸ்டிக்கில் ஆயில் மேல்கோட்டைத் தாண்டி நின்றால் சந்தோஷப்படாதீர்கள். சின்னச் சின்னத் தூரமே ஓடிய வண்டியில் டிபிஎஃப் (புகைக் கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) சுத்தமாகாமல் டீசல் ஆயிலோடு கலக்கிறது. ஓபிடி ஸ்கேனரில் கோளாறு கோட் எதுவும் இல்லை என்பதோடு நிறுத்தாதீர்கள். கோளாறு கோட் அழித்தபின் ஓடிய தூரம் என்று ஒரு வரி வரும். அது பத்து கிலோமீட்டர் என்றால் நேற்றுதான் அழித்திருக்கிறார்கள்.

ஏசி: கடல்காற்று முன்னால் இருக்கும் கண்டன்சரின் அலுமினிய இதழ்களைத் தின்னும், டார்ச் அடித்தால் பொடிப்பொடியாக உதிர்ந்த இடம் தெரியும். கண்டன்சர் மாற்றுவது எளிது. கூலிங் காயில் லீக் என்றால் பல வண்டிகளில் டேஷ்போர்டையே இறக்க வேண்டும். "கேஸ் மட்டும் போட்டா போதும்" என்ற பதிலை ஏற்காதீர்கள், லீக் இல்லாமல் கேஸ் குறையாது.

ஓட்டிப் பார்க்க

தெருவைச் சுற்றி ஒரு ரவுண்டு போதாது. எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி ஓடிக் குழித்த பகுதியில் இருபது வேகத்தில் கண்ணாடி ஏற்றி, ரேடியோ அணைத்து ஓட்டுங்கள். லொட லொட என்றால் லிங்க் ராடு, கனமாக "தட்" என்றால் லோயர் ஆர்ம் புஷ் அல்லது ஸ்ட்ரட் மவுன்ட். அப்படியே மணலி வழியாக மாதவரம் 200 அடி ரோட்டுக்கு வந்து, காலியான இடத்தில் எண்பது வரை கொண்டுபோங்கள். வேகத்தோடு ஏறும் ஹம் சத்தம் வீல் பேரிங். பிரேக்கில் பெடல் துடித்தால் டிஸ்க் வளைந்திருக்கிறது. மூலக்கடை மேம்பாலம் ஏறும்போது மூன்றாவது கியரில் முழு ஆக்சிலரேட்டர் கொடுங்கள். இன்ஜின் சத்தம் ஏறி வண்டி ஏறாவிட்டால் கிளட்ச் பிளேட் முடிந்தது. கடைசியில் காலி இடத்தில் ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து வட்டமடியுங்கள், டக் டக் என்றால் ஆக்சில் ஜாயின்ட். திரும்பி வந்ததும் ஏசியைப் போட்டுப் பத்து நிமிஷம் ஐடிலில் விட்டு வெப்ப முள்ளைக் கவனியுங்கள். பேசின் பிரிட்ஜ் நெரிசலில் நிற்கப்போகும் வண்டிக்கு இதுதான் உண்மையான பரீட்சை.

மாடல் வாரியாகச் சில வரிகள். ஸ்விஃப்ட், டிசையர், விஸ்டா போன்றவற்றில் வந்த 1.3 லிட்டர் ஃபியட் டீசல் நல்ல இன்ஜின், ஆனால் ஆயில் மாற்றாமல் ஓட்டியிருந்தால் டைமிங் செயின் தளரும். காலை ஸ்டார்ட்டில் சங்கிலி உரசும் சத்தம் கேளுங்கள். டஸ்டரின் 1.5 டீசலில் பெல்ட், மாற்றிய பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்து விலை பேசுங்கள், அறுந்தால் வால்வு வளையும். ஹூண்டாய் எலெக்ட்ரிக் ஸ்டியரிங்கில் நின்றபடி இடவலம் ஆட்டும்போது வரும் சின்ன "டக்" பெரும்பாலும் ரப்பர் கப்ளிங், சின்னச் செலவு. ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடாவின் ஏழு கியர் டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக்கும் ஃபோர்டின் டிரை கிளட்ச் ஆட்டோமேட்டிக்கும் நெரிசலில் ஊர்ந்தே பழகிய வண்டியாக இருந்தால் சர்வீஸ் பதிவு இல்லாமல் தொடாதீர்கள். சிஎன்ஜி வண்டியில் கிட் ஆர்சியில் ஏறியிருக்கிறதா, சிலிண்டருக்கு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை எடுக்கும் ஹைட்ரோ டெஸ்ட் சான்று நடப்பில் இருக்கிறதா என்று பாருங்கள்.

பதினைந்து வருஷம் நெருங்கும் வண்டிக்கு ஆர்சி புதுப்பிக்க எஃப்சி காட்ட வேண்டும், அந்தச் செலவு உங்கள் தலையில்தான். விலை பேசும்போதே கழித்துவிடுங்கள்.

பணம் கொடுக்கும் அன்றே பெயர் மாற்ற ஃபாரம் 29, 30-ல் கையெழுத்து, ஆர்சி அசல், இரண்டு சாவி, பாலிசி எல்லாம் வாங்கிவிட வேண்டும். பாலிசியைப் பதினான்கு நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள், மாற்றாமல் இடித்தால் உங்கள் வண்டிச் சேதத்துக்குப் பணம் வராது. வந்த முதல் வாரத்தில் இன்ஜின் ஆயில், ஃபில்டர், பிரேக் ஆயில் மாற்றி, கூலன்ட்டை முழுதாக இறக்கி, டிஸ்டில்டு வாட்டர் கலந்த புதியதை ஊற்றுங்கள். கதவுகளின் கீழ்த் துளைகளை மெல்லிய கம்பியால் குத்தி அடைப்பு எடுங்கள். அடிப்பாகத்தை மெட்ரோ தண்ணீரில் அலசி, இரண்டு நாள் வெயிலில் காயவிட்டு, துருவிருக்கும் இடத்தைச் சுரண்டி பிரைமர் அடித்த பிறகு மட்டும் அண்டர்கோட்டிங் போடச் சொல்லுங்கள்.